இரட்டைச் சுவர்க் கூடை

நான் வேலை பார்த்த கட்டடத்துக்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பக்கம் டயர் கிடங்கு, மறுபக்கம் சமையலறைச் சாமான்களை மொத்தமாக விற்கும் கடை. நடுவே ஜன்னலே இல்லாத சாம்பல் நிறப் பெட்டி மாதிரி அது நிற்கும். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள ஒரு நகரத்து அருங்காட்சியகம், காட்சிக்கு வைக்காத பொருட்களையெல்லாம் அங்கேதான் அடுக்கி வைத்திருக்கிறது. பான் நகரில் வேதியியல் முதுகலை படித்துக்கொண்டே, பகுதி நேரமாக அங்கே விஷம் அளந்துகொண்டிருந்தேன்.

விஷம் அளக்கிறேன் என்றால் நண்பர்கள் சிரிப்பார்கள். உண்மையிலேயே அதுதான் வேலை. உலகத்தின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்த இறகு, தோல், மரம், கூடை எல்லாவற்றையும் பூச்சி அரித்துவிடும் என்று பயந்து, அந்தக் காலத்தில் ஆர்சனிக் பொடியைத் தூவி வைத்திருக்கிறார்கள். நம் கதைகளில் பாஷாணம் என்று வருமே, அதேதான். எதற்குத் தூவினார்கள், எதற்குத் தூவவில்லை என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால் இப்போது ஒரு பொருளை யாராவது தொட வேண்டுமானால் முதலில் அளந்து பார்க்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவி போல ஒன்று இருக்கும். அதன் மூக்கைப் பொருளின் பக்கத்தில் வைத்து விசையை அழுத்தினால், என்னென்ன இருக்கிறது என்று திரையில் வரும்.

அப்பாவிடம் இதைப் போனில் விளக்கியபோது, "கூடைக்கு எதுக்குய்யா மருந்து? அது என்ன பருத்தியா?" என்று கேட்டார்.

பூச்சி அரிச்சிடும்னு அடிச்சிருக்காங்கப்பா என்றேன்.

"அரிச்சா வேற ஒண்ணு முடைஞ்சிக்க வேண்டியதுதானே. வெள்ளைக்காரனுக்குப் பொழுது போகல."

அப்பாவுக்கு மருந்து அடிப்பதுதான் தொழில். பருத்திக் காட்டில் டிரம்முக்குள் கையை விட்டுத்தான் கலக்குவார். குச்சியால் கலக்கினால் சேராது என்பார். அந்த வாரங்களில் சாயங்காலமானால் டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது. அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுப்பார். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், டப்பாவில் எழுதியிருப்பதை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கையுறை அணியவும் என்று போட்டிருக்கும். எங்கள் ஊர்க் கடையில் கையுறை கிடையாது. நான் வேதியியல் எடுத்தது இதனால்தான் என்று சொன்னால் நன்றாக இருக்கும். கிடைத்த சீட்டு அது, அவ்வளவுதான். ஆனால் அந்த விரல்களைப் பார்த்து வளர்ந்ததால், 'கொஞ்சம்தானே, பரவாயில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கிடங்கில் பழைய பொருட்களைப் பழுதுபார்த்துப் பேணும் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு வந்திறங்கிய யாழ்ப்பாண அகதியின் மகள், ஜெர்மனியிலேயே பிறந்தவர். முதல் நாள் நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னதற்கு, "ஏன் தம்பி, தமிழ் கதைச்சா சம்பளத்தில வெட்டுவினமோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் எங்கள் இருவருக்கும் தமிழ்தான்.

ஒரு வசந்த காலத்தில் எங்கள் இருவரிடமும் ஒரு கூடை வந்தது. மூடியோடு சேர்ந்த சின்னச் சதுரக் கூடை. கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறிச் சாய்கோடுகளாக ஓடும். அமெரிக்காவின் தென்கிழக்கு மலைகளில் வாழும் செரோக்கி மக்களுடையது. அங்கே ஆற்றோரம் வளரும் ஒருவகை மூங்கில் நாணலைக் கிழித்து, சீவி, சாயமேற்றி முடைந்தது. எப்படி இங்கே வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அதைத் தேடி ஒரு பெண் கூடைக் கலைஞர் அந்த மலையிலிருந்து வரப்போகிறார் என்றார்கள். அவரும் செரோக்கிதான். ஊரில் அவரோடு சேர்ந்து முடைகிறவர்கள் ஒரு பெரிய குழுவாக இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது கண்காட்சிக்கு அல்ல. இந்தக் கூடையின் உள்மூலை திரும்பும் விதம் இப்போது அவர்களில் யாருக்கும் கைவரவில்லை. படத்தில் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பட்டை எதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதனால் கூடையை நீண்ட காலக் கடனாக ஊருக்குக் கொண்டுபோய், எல்லோரும் கைமாற்றி வாங்கித் தடவிப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகமும் ஒப்புக்கொண்டிருந்தது. விஷம் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அவர் வருவதற்கு முன் நானும் அக்காவும் அளந்தோம். நான்கு பக்கச் சுவர், மூடி, விளிம்பு. கருவியின் மூக்கு கூடைக்குள் நுழையவில்லை. கூடை அவ்வளவு சின்னது. எல்லா இடத்திலும் அளவு மிகக் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு அன்று முழுக்க நல்ல மனநிலை. அந்த வேலையில் நல்ல செய்தி சொல்லக் கிடைப்பது அபூர்வம். பிரிவுத் தலைவர், வயதான மென்மையான ஜெர்மன்காரர், தன் அறையிலிருந்து எழுந்து வந்து கைகுலுக்கினார். அன்றே அமெரிக்காவுக்கு மின்னஞ்சல் போனது.

வந்தவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். ஜீன்ஸ், தொப்பி, முதுகுப்பை. பைக்கு வெளியே ஈரத்துணியில் சுற்றிய நாணல் கட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் கூடையை எட்ட நின்று பார்த்தார். தொடவில்லை. கையுறை கொடுத்தோம், வேண்டாம் என்றுவிட்டார். வெறுங்கையால் தொட அனுமதி மூன்றாம் நாளுக்குத்தான் போட்டிருந்தது. அதுவரை பொறுக்கிறேன், முதல் தடவை ரப்பர் வழியாக இருக்க வேண்டாம் என்றார்.

அன்று மாலை நகரத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தின் பெரிய கட்டடத்தில் அவருடைய உரை. தான் செய்த கூடைகளைத் திரையில் காட்டினார். ஒன்றில் உள்சுவர் நாணல், வெளிச்சுவர் முழுக்க ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். சாலையை அகலப்படுத்த அவர்கள் ஊர் நாணல் காட்டில் ஒரு பகுதியை வெட்டியபோது கட்டியிருந்த தடுப்பு வலையை எடுத்துவந்து, கிழித்து முடைந்தாராம். கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். மணி கோத்துத் தைத்த தோல் மேற்சட்டை போட்டிருந்தார். இந்த நாட்டில் இப்படிச் சிலர் உண்டு. கோடை விடுமுறையில் காட்டில் கூடாரம் அடித்து, செவ்விந்தியர் போல் உடுத்தி வாழ்ந்து பார்ப்பார்கள். சின்ன வயதிலிருந்தே உங்கள் மக்கள் மேல் தனக்கு மிகுந்த மரியாதை என்றார். பிறகு, நீங்கள் ஏன் உங்கள் உடையில் வரவில்லை, இந்தப் பிளாஸ்டிக் மரபுக்குப் பொருந்துமா என்று வருத்தத்தோடு கேட்டார்.

"நீங்கள் போட்டிருப்பது எங்களுடையது இல்லை. மேற்கே ரொம்ப தூரத்தில் இருப்பவர்களுடையது," என்றார் அவர். "ஆனால் தையல் சுத்தமாக இருக்கிறது. என்னால் இப்படித் தைக்க முடியாது."

சபை சிரித்தது, பெரியவரும் சிரித்தார். ஆரஞ்சு எங்கள் பழைய நிறம்தான், முன்பு ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்தோம், இப்போது நெடுஞ்சாலைத் துறையிடமிருந்து எடுக்கிறோம் என்றும் சொன்னார். உங்களில் இன்னும் சிலராவது மிஞ்சியிருக்கிறீர்களே என்று பெரியவர் கண்கலங்கியபோதுதான் கலைஞரின் முகம் மாறியது. நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம், எங்கள் ஊரில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கிடங்கில் எங்களுக்கு மட்டும் முடைந்து காட்டினார். அப்போதுதான் அந்தக் கூடை எனக்குப் புரிந்தது. அது ஒரு கூடை அல்ல, இரண்டு. உள்கூடையின் அடியில் தொடங்கி, சுவரேறி, விளிம்பில் பட்டைகளை வளைத்து, வெளிச்சுவராக இறங்கி, கீழே இன்னொரு அடியாக முடிப்பார்கள். எங்கும் வெட்டு கிடையாது. இரண்டு அடிகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். முடித்துவிட்டால் அதற்குள் யாரும் எதுவும் செய்ய முடியாது.

தன் பையிலிருந்து முடிந்த கூடை ஒன்றை எடுத்துத் தந்தார். ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ லேசாகச் சலசலத்தது. கூடைக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை.

"நாணல் சீவல்," என்று சிரித்தார். "சுவர் வழியாக உள்ளே விழுந்துவிட்டால் வெளியே வராது. கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். என் கூடை எல்லாவற்றிலும் கொஞ்சம் கிடக்கும்."

கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு யாரோ சாயத்தைப் பற்றிக் கேட்டார்கள்; அவர் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. சீவல் கீழே போகுமென்றால் பொடியும் கீழேதான் போகும். அடியை நாங்கள் அளக்கவே இல்லை. கூடை தன் அளவுக்கு வெட்டிய கறுப்பு நுரைப்பஞ்சுத் தொட்டிலில் உட்கார்ந்திருந்தது. காய்ந்த நாணல் நொறுங்கும், தொட்டிலில் இருப்பதைத் தூக்காதே என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். கூடைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, அடிப்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தோம்.

காப்பி எடுக்கும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, அடிப்பக்கம் ஒரு ரீடிங்கூட எடுக்கல."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டு அடிக்கும் நடுவில எண்டு சொல்லுறீரோ?"

"ஆமா."

"இருக்கெண்டு நிச்சயமோ?"

"இருக்குன்னு நிச்சயமில்ல. அளக்கலன்னு நிச்சயம்."

"நாளைக்கு அந்த மனுசி வெறுங்கையால தூக்கப் போறா." கோப்பையை ஓரமாகத் தள்ளினார். "பிறகேன் என்னட்ட நிண்டு கதைக்கிறீர்? போய் அவட்டச் சொல்லும். தலைவருக்கு நான் சொல்லுறன்."

"இதுக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்காங்கக்கா. ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டு வந்திருக்காங்க."

"ஓம். அதுக்காகச் சொல்லாம விடேலாது."

பின்முற்றத்தில், டயர் கிடங்குச் சுவரோரம், வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவர் நாணல் கிழித்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் கத்தியில். நாணலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவர்கள் கிழிப்பார்கள். நான் என் ஆங்கிலத்தில் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். வாயிலிருந்து நாணலை எடுத்தார். உங்கள் கருவி பொய் சொல்லுமா என்று கேட்டார். காட்டிய இடத்தைத்தான் அது பார்க்கும் என்றேன். கத்தியை மடக்கி எழுந்தார்.

"இன்றைக்கே பாருங்கள்," என்றார். "நாளை வரை என்னால் யோசித்துக்கொண்டு இருக்க முடியாது."

நான்கு பேரும் முகமூடி, கையுறை, வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டோம். பிரிவுத் தலைவர் கதவோரம் நின்றார். அக்கா கூடையை இரு கையாலும் பிடித்து, அது தூக்கப்படுவதே தெரியாத மாதிரி தூக்கினார்.

கறுப்பு நுரையில் வெள்ளைக் கோடுகள் இருந்தன. கூடையின் அடிப்பின்னல், சாய்ந்து சாய்ந்து ஓடும் ஒவ்வொரு பட்டையின் இடைவெளியும், கோலம் போட்டது போலச் சுத்தமாகப் பொடியில் பதிந்திருந்தது. இத்தனை வருடங்களாக இம்மி இம்மியாக இறங்கியிருக்கிறது.

அவர் குனியப் போனார். பக்கத்தில் போகாதீர்கள், மூச்சுக்காற்றில் பறந்துவிடும் என்று தடுத்தேன். அப்படியே நின்றார். கருவியை வைத்து விசையை அழுத்தினேன். எண் ஏறியது, நிற்காமல் ஏறியது. அதை உரக்கப் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் பேச்சுதான். தலைவர் உண்மையாகவே வருந்தினார். உறிஞ்சி எடுக்க முடியாதா என்று அக்காவைக் கேட்டார். வெளியே இருப்பதை எடுக்கலாம், நடுவில் இருப்பதை எடுக்க வழியில்லை என்றார் அக்கா. அடியைப் பிரித்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியான ஆள் அந்த அறையில் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தோம். ஈரம் காட்டாமல் பிரித்தால் பட்டை ஒவ்வொன்றும் ஒடியும், ஈரம் காட்டினால் விஷம் நாணலுக்குள் ஊறும், பிறகு எப்போதும் போகாது என்று அவரே சொன்னார். மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்து அனுப்புகிறோமே என்றார் தலைவர். கண்ணாடிப் பெட்டி எங்கள் ஊரிலும் இருக்கிறது என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தார்.

முற்றத்துக்குப் போய் ஊருக்குப் பேசினார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சிறிது நேரத்தில் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் அருங்காட்சியகம் ஏமாற்றுகிறது என்கிறார்கள். இதற்கு முன் பலமுறை அப்படி நடந்திருக்கிறது. அவர்கள் மேல் தப்பில்லை."

போன் திரையில் ஒரு நீண்ட மேசை. சுற்றிலும் பெண்களும் ஆண்களும்; கல்லூரி வயதில் இருவர். ஒருவர் மடியில் பாதி முடைந்த கூடை. என் பெயரைச் சொன்னேன், என்ன அளந்தேன், எங்கே அளக்காமல் விட்டோம், இன்று என்ன வந்தது என்று சொன்னேன். கழுவினால் போகுமா என்று ஒருவர் கேட்டார். போகாது என்றேன். கையில் காயம் இல்லாதவர்கள் மட்டும் தொட்டால்? முடைகிறவர்கள் கையில் காயம் இல்லாத நாள் உண்டா என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விஷமாகவே இருந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு வரட்டும் என்றார் மூத்த பெண் ஒருவர். வந்து எங்கே இருக்கும் என்று மற்றவர் கேட்டார். புதைக்கலாம் என்றார் மூத்தவர். எங்கே புதைப்பது, எங்கே புதைத்தாலும் ஆற்றுக்குத்தான் போகும், நாணல் ஆற்றங்கரையில்தானே இருக்கிறது என்று ஒரு இளைஞன் சொன்னான்.

நுரையில் பதிந்திருந்த பின்னலின் படத்தைக் கலைஞர் முன்பே அவர்களுக்கு அனுப்பியிருந்தார். அதைப் பெரிதாக்கி, மேல் எது கீழ் எது என்று அவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள். இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்தது. ஒருவர் நாணலை எடுத்துப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. ஆனால் அது அவர்கள் தேடிய மூலை இல்லை. வெளி அடி, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்தது.

எக்ஸ்ரே மூலம் உள்மூலையின் முப்பரிமாணப் படத்தை எடுத்துத் தர முடியும் என்று நான் சொன்னேன். ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருந்தது. அனுப்புங்கள், நன்றி என்றார் பக்கத்தில் நின்ற கலைஞர். கொஞ்சம் கழித்து, "இழுவை படத்தில் வராது," என்றார்.

மறுநாள், வெறுங்கையால் தொட நாள் குறித்திருந்த அதே நேரத்தில், கூடையைப் பையில் போட்டு மூட வேண்டியிருந்தது. அக்கா செய்வதாக இருந்தது. நானே செய்கிறேன் என்றார் அவர். கையுறையை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்று அக்கா காட்டிக் கொடுத்தார். கூடையை முதல் தடவையாக அவர் கையில் எடுத்தது அப்போதுதான். மூடியைத் திறந்து, ஒரு விரலை உள்ளே விட்டு, மூலையில் வைத்து அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். நாங்கள் மூவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒன்றும் தெரியவில்லை," என்றார்.

மூடியை வைத்தார். தன் மொழியில் கூடையிடம் ஏதோ சொன்னார், சின்னதாக. பிறகு பையைப் பிடித்துக்கொண்டார். நான் விளிம்பைச் சூடாக்கி ஒட்டினேன். அதற்கு மேல் இன்னொரு பை. அக்கா மஞ்சள் எச்சரிக்கைச் சீட்டை ஒட்டி, அதை நகத்தால் நீவிவிட்டார்.

அவருக்கு விமானம் அடுத்த நாள்தான். வாளியில் ஊறவைத்த நாணல் இன்னும் இருந்தது. ஊறியதை அப்படியே விட்டால் கறுத்துப் போகும், முடைந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தார். டயர் கிடங்கில் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா தேநீர் போட்டுக் கொண்டுபோய் வைத்தார். அதை அவர் தொடவில்லை. அடியின் முதல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, உள்மூலை வரும் இடம்வரை ஏறி, அங்கே ஒரு மாதிரி திருப்பிப் பார்த்தார். பிரித்தார். வேறு மாதிரி திருப்பினார். அதையும் பிரித்தார்.

எனக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. உள்ளே போனேன்.